சுவாமிநாதனுக்கு ஸ்லாட் இல்லை

தாம்பரத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறி "எம்.சி.சி." என்றால் டிரைவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார். கிழக்குத் தாம்பரத்தில் 375 ஏக்கரில் மரமும் மானுமாகக் கிடக்கிற சென்னைக் கிறித்தவக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுச் சில்லறை கேட்பார். சேப்பாக்கத்தில் இதையே சொன்னால் 1846-இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப். லண்டனில் சொன்னால் லார்ட்ஸ் மைதானத்துக்குச் சொந்தக்காரர்களான மேரிலபோன் கிரிக்கெட் கிளப். நான்காவதாக ஒரு எம்.சி.சி. உண்டு. அதற்கு மட்டை கிடையாது, ஸ்டம்ப் கிடையாது, காசும் கிடையாது. பேர் மட்டும் முதலிலேயே தயார். மால்குடி கிரிக்கெட் கிளப்! ஆர்.கே. நாராயணின் ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ நாவலில் சுவாமிநாதன், மணி, ராஜம் ஆகிய மூன்று பிரமுகர்கள் கூடி ஆரம்பித்தது.

இந்த நாலில் எதிலும் சின்ன வயதில் என்னைச் சேர்த்திருக்க மாட்டார்கள். நாலாவதிலும்தான். அந்த நாவலைப் புரட்டிப் புரட்டித் தேடினாலும் சுவாமியின் கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை கிடையாது. பாட்டி உண்டு, அம்மா உண்டு. அவர்கள் சாப்பாடு போடுவார்கள், கதை சொல்வார்கள், பையன் காணாமல் போனால் அழுவார்கள். சரி, லார்ட்ஸ்காரர்களே பெண்களை உறுப்பினராக்க 1998 வரை யோசித்துக்கொண்டிருந்தார்கள். மால்குடிப் பையன்களை மட்டும் பிடித்துக் கேட்பது நியாயமில்லை.

1930 விஜயதசமியன்று பெங்களூரில், பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல வேளையில் நாராயண் இந்த நாவலைத் தொடங்கினார். எழுதும்போது ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன்தான் முதலில் மனதில் வந்து நின்றதாம். ஊர் அப்புறம் முளைத்தது. பாட்டி பார்த்த வேளை உடனே பலிக்கவில்லை. லண்டன் பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் பூர்ணாவுக்கு, இனி யாரிடமும் காட்ட வேண்டாம், கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று நாராயண் எழுதிவிட்டார். பூர்ணா ஆற்றங்கரைக்குப் போகாமல் கிரஹாம் கிரீனிடம் போனார். 1935-இல் ஹாமிஷ் ஹாமில்டன் வெளியிட்டார்கள். நாராயணசாமி என்ற பெயரை நாராயண் என்று குறைத்துக்கொள்ளச் சொன்னதும் கிரீன்தான். இத்தனைக்கும் பள்ளி முடித்ததும் எழுதிய பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தவறிவிட்டு ஒரு வருஷம் வீட்டோடு இருந்தவர் இவர். எங்கள் பக்கத்துப் பெற்றோர் இந்தத் தகவலைப் பிள்ளைகள் காதில் போடுவதில்லை.

கிறித்தவக் கல்லூரி பாரிமுனைப் பக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்தது 1937-இல். அது பட்டணத்தில் இருந்த நாளில் அதன் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் படித்தவர் நாராயண். ஆக, மால்குடி எம்.சி.சி. தாம்பரம் எம்.சி.சி.க்கு இரண்டு வயது மூத்தது. உறவுமுறையில் அண்ணன்.

என் அப்பா பொன்மலையிலிருந்து தாம்பரம் கார் ஷெட்டுக்கு மாற்றலாகி வந்தவர். பீச்சிலிருந்து தாம்பரம் வரைக்கும் 1931 முதல் ஓடிக்கொண்டிருந்த மீட்டர் கேஜ் மின்சார ரயில்களுக்கு அங்கேதான் வைத்தியம். குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்கள் எல்லாருமே எங்கிருந்தோ வந்தவர்கள். விழுப்புரம், மதுரை, பாலக்காடு. சொந்த ஊர் எது என்று கேட்டால் பிள்ளைகள் அப்பா முகத்தைப் பார்ப்போம். மால்குடியைப் படித்தபோது அந்த ஊர் ஸ்டேஷனிலிருந்து ஆரம்பிக்கிறது என்பது எனக்கு ஆச்சரியமாகவே படவில்லை. ஊர் என்றால் வேறு எங்கிருந்து ஆரம்பிக்கும்?

சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கிரிக்கெட். தென்னை மட்டைதான் பேட். ஒரு முனையில் செங்கல் மூன்று, மறுமுனையில் யாரோ கழற்றிப் போட்ட செருப்பு. ரப்பர் பந்து, அதன் மேல் சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி மாட்டினால் கனம் கூடும், தெருவிளக்கு எரிந்த பிறகும் ஆடலாம், மேலே பட்டால் அன்று இரவு படுக்க முடியாது. அண்ணன் கேப்டன். எனக்கும் அணியில் ஒரு பதவி இருந்தது. பந்து எகிறி மாடி வீட்டு மாமியின் காம்பவுண்டில் விழுந்தால் போய்க் கேட்டு வாங்கி வருவது. பையன்கள் போனால் மாமி பந்தை அரிவாள்மணையில் வைத்து இரண்டாக அரிந்து கொடுத்துவிடுவார். பெண்பிள்ளை போனால் திட்டிவிட்டு முழுசாகத் தருவார். சில நாள் அந்தத் திட்டோடு கூழ்வடாம் இரண்டு கிடைக்கும். வடாத்தை வழியிலேயே தின்றுவிட்டுப் பந்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆட்டம் முடியும் நேரத்தில், இருட்டின பிறகு, கண்ணுக்குப் பந்து தெரியாதபோது, "நீயும் ஒரு ஓவர் ஆடு" என்பான் அண்ணன். அதுதான் என் கிரிக்கெட் வாழ்க்கை.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு ராஜம் வந்து சேர்ந்தான். நாவலில் ராஜம் போலீஸ் சூப்பரின்டெண்டெண்டின் பிள்ளை. காரில் வருவான், இங்கிலீஷ் பேசுவான், அவனோடு சண்டை போடப் போன மணியும் சுவாமியும் சிநேகமாகித் திரும்பி வருவார்கள். எங்களுக்கு ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் இருந்தது. அங்கே மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பிள்ளைகள் இறங்குவார்கள். ஹிந்தி, இங்கிலீஷ், ஷூ, தலையில் வகிடு. அப்படி வந்த ஒருவனிடம் நிஜமான பேட் இருந்தது. கைப்பிடியில் ரப்பர் உறை போட்டது. அதை முதன்முதலில் தொட்ட அன்று பையன்கள் யாரும் சரியாகவே ஆடவில்லை, மட்டைக்கு வலிக்குமோ என்று பயந்து பயந்து பந்தைத் தடவினார்கள். அவன் சொன்னதெல்லாம் சட்டமாயிற்று. தன் அப்பாவைப் பற்றிப் பேசும்போது அவன் "டாட்" என்பான். அண்ணன் ஒரு நாள் எங்கள் அப்பாவை அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தான். அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு நிதானமாக வந்து கேட்டார், "என்னடா சொன்னே?" அதோடு சரி.

நாவலில் ராஜத்தின் அப்பாவுக்கு மாற்றல் வருகிறது. சுவாமி விடியற்காலை ஸ்டேஷனுக்கு ஓடி, ஆண்டர்சனின் தேவதைக் கதைப் புத்தகத்தை மணியிடம் கொடுத்து, ரயில் நகர்கிற நேரத்தில் ராஜம் கையில் சேர்க்கச் சொல்கிறான். எங்கள் ராஜம் போன போதும் மாற்றல்தான். வாசலில் கறுப்பு டிரங்குப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் அவன் அப்பாவின் ரேங்க், பேர், நம்பர் வெள்ளை பெயிண்டில். பையன்கள் எல்லாரும் வரிசையாக நின்றோம். சரி, நின்றார்கள், நான் பக்கத்தில் நின்றேன். அவன் போகும்போது பேட்டை அண்ணனிடமே விட்டுவிட்டுப் போனான். சும்மா இல்லை, மூன்று ரூபாய்க்கு. ஒரு ரூபாய் கடன் சொல்லியிருந்தது. அதைக் கேட்டு ஆதம்பூரிலிருந்து ஒரு கார்டுகூடப் போட்டான்.

அண்ணன் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்த பிறகு லைப்ரரியிலிருந்து ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ வீட்டுக்கு வந்தது. அவன் பாடத்துக்காக எடுத்தான். நான் மாமி வீட்டு வடாம் மாதிரி வழியிலேயே மடக்கிக்கொண்டேன். அப்போது நான் தமிழ் மீடியத்தில் எட்டாவது. அகராதி ஒரு கையில், புத்தகம் ஒரு கையில். அதற்கு முன்பு நான் படித்த கதைகளில் என் வயசுப் பையன்கள் செய்த காரியங்கள் வேறு. அம்புலிமாமாவில் ராஜகுமாரர்களாக இருந்து மந்திரவாதியை ஜெயித்தார்கள். 1972-இல் கோகுலம் வந்தது. கிழியக் கிழியக் கை மாறும். தொடர்கதைகளில் பையன்கள் லீவுக்கு மாமா ஊருக்குப் போவார்கள், குகையைக் கண்டுபிடிப்பார்கள், கடத்தல்காரனைப் பிடித்து இன்ஸ்பெக்டரிடம் கைகுலுக்கிப் பாராட்டு வாங்குவார்கள். நானும் லீவுக்குப் பொன்மலை போவேன். குகையும் இல்லை, கடத்தல்காரனும் இல்லை. அத்தை அரிசியில் கல் பொறுக்கச் சொல்வார்.

சுவாமியோ எதையும் பிடிக்கவில்லை. அவனைத்தான் எல்லாரும் பிடித்தார்கள். கணக்கு வாத்தியார் பிடித்துக் கிள்ளினார், மத போதகர் காதைத் திருகினார், லீவு நாளில் அப்பா பிடித்து உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னார். ராமனிடம் பத்து மாம்பழம், அதற்குப் பதினைந்து அணா கிடைக்க வேண்டும், கிருஷ்ணனுக்கு நாலு போதும், என்ன கொடுப்பான் என்று கணக்கு. சுவாமிக்கு முதலில் தெரிய வேண்டியது மாம்பழம் பழுத்ததா காயா என்பது. அது தெரியாமல் எப்படி விலை சொல்வது? தாம்பரம் மார்க்கெட்டில் எங்கள் அம்மா கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். பழத்தைத் தொட்டுப் பார்க்காமல் விலை பேசியவளை எங்கள் வீட்டில் யாரும் புத்திசாலி என்று சொன்னதில்லை. நோட்டில் மட்டும் அது மக்குத்தனமாகிவிடுகிறது.

பரீட்சைக் கட்டம் இன்னும் அருமை. பிராமணனும் புலியும் கதையிலிருந்து என்ன நீதி தெரிகிறது என்று கேள்வி. மற்றவர்கள் பக்கம் நிரப்பி எழுதியிருக்க, புலி தங்கக் காப்பு கொடுத்தால் வாங்கக் கூடாது என்ற அளவில் சுவாமி ஒரே வரியில் முடித்துவிடுகிறான். வெளியே வந்த பிறகுதான் மற்றவர்கள் எழுதிய நீளம் தெரிந்து வயிற்றைக் கலக்குகிறது. அந்தக் கதையைப் பற்றி இதைவிடச் சரியான விடை எழுத முடியுமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். அவனுக்கு முழு மார்க் போட்டிருக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் பையன்களுக்குப் பிரம்பு, பெண்களுக்கு மர ஸ்கேல்; அதுவும் தட்டையாக இல்லை, விளிம்பால், விரல் மூட்டில். பள்ளியின் பேர் வேண்டாம். அந்தக் கால வகுப்புத் தோழர்கள் இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். விடிந்தால் அதில் ஒருவர், "அடித்து வளர்த்தார்கள், அதனால்தான் ஆளானோம். அந்தப் பொற்காலம் வருமா?" என்று ரோஜாப்பூப் படத்தோடு போடுவார். கணக்கு பீரியட் என்றால் வேப்பமரத்தில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம் பிடித்தவர் அவர். இறக்குவதற்குப் பியூனும் இரண்டு வாத்தியார்களும் வேண்டியிருந்தது. பொற்காலத்தை மரத்தின் மேலிருந்து பார்த்தவர் என்பதால் அவருக்கு அழகாகத் தெரிகிறது போலிருக்கிறது. நாராயண் இந்த ஜோடனை எதையும் செய்யவில்லை. அவர் நாவல் சிரிப்பாக இருக்கிறது, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் பயம். சுவாமி திங்கட்கிழமைக்குப் பயப்படுகிறான், அப்பாவுக்குப் பயப்படுகிறான், சிநேகிதர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயப்படுகிறான். கடைசியில் ஹெட்மாஸ்டரின் பிரம்பைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசிவிட்டு ஓடி, காட்டுப் பாதையில் வழிதவறி, ஒரு நாளைத் தொலைத்து, மேட்சுக்கு வராமல் போய்விடுகிறான். குழந்தைகள் புத்தகம் என்று அலமாரியில் வைத்துவிட்டார்கள். பெரியவர்கள் படித்தால் கொஞ்சம் சங்கடப்படக்கூடிய புத்தகம் அது.

நடுவில் 1980-களின் பிற்பாதியில் தூர்தர்ஷனில் ‘மால்குடி டேஸ்’ வந்தது. சங்கர் நாக் இயக்கம், கர்நாடகத்து ஆகும்பேயில் படப்பிடிப்பு, சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத், அவன் அப்பாவாக கிரீஷ் கர்நாட். எல். வைத்தியநாதனின் இசை ஆரம்பித்தால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு டிவி இருந்த வீட்டுக்குப் போவேன். அந்தக் கைக்குழந்தைதான் இப்போது சேலையூரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் மகள் ஆறாம் வகுப்பு.

பேத்தியின் வாரம் இப்படி: திங்கள் ஹிந்தி, செவ்வாய் வியாழன் கிரிக்கெட், புதன் கீபோர்டு, வெள்ளி கணக்கு டியூஷன், சனி ரோபாட்டிக்ஸ். ஞாயிறு ஃப்ரீ என்று என் மகள் பெருமையாகச் சொல்வாள். அன்றைக்குத்தான் மற்ற ஆறு நாளின் வீட்டுப்பாடம். கிரிக்கெட் என்றதும் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது உண்மை. 2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பை ஜெயித்த பிறகு அந்த அகாடமியில் பெண்பிள்ளைகள் கூட்டம் அதிகம். அவளுக்கென்று பேட், பேட் வைக்க ஒரு பை, கையுறை, ஹெல்மெட், மார்புக் கவசம், முதுகில் பேர் எழுதின ஜெர்சி எல்லாம் உண்டு. நான் வாழ்நாளில் தொடாத பொருள்கள். ஆனால் செருப்பை ஸ்டம்பாக வைத்து அவள் ஆடி நான் பார்த்ததில்லை. ஆட இடமுமில்லை. எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் பந்து ஆடக் கூடாது என்று போர்டு. தெருவில் ஆட முடியாது. தண்ணீர் லாரியும் டெலிவரி பைக்கும் பந்தைவிட வேகம். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நாங்கள் ஆடின இடத்தைத் தேடிப் போனேன், டூ வீலர் வரிசையாக நின்றிருந்தது. மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-இலேயே போயாயிற்று. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆகிவிட்டது. மேயர் இருக்கிறார், எழுபது வார்டு இருக்கிறது. செருப்பு வைத்து ஆட நாலு சென்ட் கேட்டால் மனு கொடுங்கள் என்பார்கள்.

அதற்குப் பதிலாக டர்ஃப் இருக்கிறது. பச்சைப் பிளாஸ்டிக் புல், சுற்றி வலை, மேலே வலை, ராத்திரியும் பகலாக விளக்கு. மணிக்கணக்கில் வாடகை. பேத்தியின் பிறந்தநாளுக்கு ஒரு மணி நேரம் எடுக்கலாம் என்று மகள் ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில் பதில் கேட்டது.

"சனிக்கிழமை ஈவ்னிங் ஸ்லாட் இல்லை மேடம். காலைல அஞ்சரைக்கு இருக்கு. ஐம்பது பர்சன்ட் அட்வான்ஸ் ஜிபே பண்ணிட்டா பிளாக் பண்ணிடுவேன்."

நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். மால்குடி எம்.சி.சி. மட்டை வேண்டும் என்று மவுண்ட் ரோடு பின்ஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதுகிறது. ஆர்டரோடு இருபத்தைந்து சதவீதம் பணம் அனுப்புங்கள், மீதிக்கு வி.பி.பி. என்று கம்பெனி மரியாதையாகப் பதில் போடுகிறது. சதவீதம் என்றால் என்ன என்று ஒருவனுக்கும் விளங்கவில்லை. யாருக்கோ வர வேண்டிய கடிதம் தவறி நமக்கு வந்துவிட்டது என்று தீர்மானித்து, பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். என் மகளுக்குச் சதவீதம் நன்றாகத் தெரியும். அனுப்பிவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை பேத்தியின் பையை நான் தூக்கிக்கொண்டு வேன் வரும் இடத்துக்குப் போனேன். வழியில் காய்கறி வண்டிக்காரர். எலக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிறார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் எடை போடேன்."

அவர் கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டுப் பையைத் தூக்கித் தட்டில் வைத்தார். 6 கிலோ 350 கிராம். தண்ணீர் பாட்டில் உள்பட.

"கொசுறு கறிவேப்பிலை போடவா பாட்டிம்மா?" என்றார்.

ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பை 4 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. 2020-இல் வந்த பள்ளிப்பைக் கொள்கை, பிள்ளையின் எடையில் பத்து சதவீதம் என்றது. பேத்தி முப்பத்திரண்டு கிலோ. இங்கேயும் சதவீதம்தான் இடிக்கிறது. கடிதம் யாருக்கோ வந்தது என்று பள்ளிக்கூடங்கள் நினைத்துவிட்டன போல.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இந்தப் பைப் பேச்சைத் தில்லிக்குக் கொண்டுபோனவரும் சுவாமியைப் படைத்தவர்தான். நாராயணை மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராக்கினார்கள். உலகமறிந்த எழுத்தாளர், இலக்கியம், பண்பாடு என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்திருப்பார்கள். அவர் எழுந்து பேசியது பள்ளிப் பிள்ளைகளின் முதுகுச் சுமையைப் பற்றி. எண்பது வயதைத் தாண்டிய மனிதர். அதன் தொடர்ச்சியாகப் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்து, சுமையில்லாமல் கற்பது பற்றி 1993-இல் அறிக்கை தந்தது. மெலிந்த அறிக்கை, பையில் வைத்தால்கூட அதிகம் கனக்காது. அதற்கப்புறம் வந்த கொள்கைகளையும் சுற்றறிக்கைகளையும் சேர்த்து ஒரு பையில் போட்டால் காய்கறிக்காரர் தராசு தாங்குமா தெரியாது.

பேத்தியின் பள்ளியிலும் சுவாமி வந்து சேர்ந்தான். இலக்கிய வாரமாம். நான் மனம் குளிர்ந்து போய், "என்ன செய்யணுமாம்?" என்று கேட்டேன்.

"சுவாமி மாதிரி டிரஸ் பண்ணிட்டு வரணும் அம்மாச்சி. கோட்டு, குல்லா. அப்புறம் சுவாமியோட கேரக்டர் ஸ்கெட்ச், நூத்தைம்பது வேர்ட்ஸ். அப்புறம் இந்த ஸ்டோரியோட மாரல்."

"கதையைப் படிச்சியா?"

"எக்ஸர்ப்ட் குடுத்திருக்காங்க. ரெண்டு பேஜ்."

கோட்டும் குல்லாவும் வேஷ உடை வாடகைக் கடையில் கிடைத்தன. கறை பட்டாலோ கிழிந்தாலோ டெபாசிட் 200 ரூபாய் திரும்ப வராது என்று ரசீதில் அச்சடித்திருந்தார்கள். நாவலில் சுவாமி சுதேசிக் கூட்டத்தின் ஆவேசத்தில் தன் குல்லாவைக் கழற்றி நெருப்பில் போடுகிறான். அந்தப் பகுதி எக்ஸர்ப்டில் இல்லை. நல்லதாயிற்று, டெபாசிட் பிழைத்தது.

கேரக்டர் ஸ்கெட்சை இணையத்திலிருந்து என் மகள் எடுத்து, பேத்தி பார்த்து எழுதினாள். சுவாமி நேர்மையானவன், துடிப்பானவன், நட்பை மதிப்பவன் என்று இருந்தது. அவன் பொய் சொல்வான், தலைவலி என்று நடிப்பான், வாத்தியாரைப் பற்றி அப்பாவிடம் இட்டுக்கட்டுவான், படிக்காமல் இருக்க என்ன வழி என்று மற்றவர்கள் படிக்கிற நேரத்தைவிட அதிக நேரம் யோசிப்பான் என்றெல்லாம் எழுதினால் என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் நெகட்டிவ் டிரெய்ட்ஸ், மார்க் குறைப்பாங்க" என்றாள் மகள். இன்றைக்கு அந்தப் பையன் இதே பள்ளியில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். பிரம்பு இருக்காது, அது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவோடு போயிற்று, போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இப்போது பெற்றோரைக் கூப்பிட்டு ஏ.சி. அறையில் உட்காரவைத்து, பையனுக்குக் கவனக்குறைவு இருக்கிறது, மாம்பழக் கணக்கில் விடையைவிட்டு மாம்பழத்திடம் போய்விடுகிறான், கவுன்சலரைப் பார்த்துவிடுங்கள் என்று இனிமையாகச் சொல்லியிருப்பார்கள். காது திருகினால் பத்து நிமிஷத்தில் வலி போய்விடும். இந்த இனிமை வருஷக்கணக்கில் தொடரும்.

முழுக்கதையையும் நானே அவளுக்குச் சொன்னேன். ராத்திரியில், அவள் அம்மா ஆபீஸ் காலில் இருந்த நேரங்களில், தவணை தவணையாக. சுவாமி காட்டில் தொலைந்துபோகிற இடத்தில் அவள் அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அழவில்லை. அவன் இல்லாமல் மேட்சில் தோற்றுப்போனார்கள், ராஜம் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டான் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ராஜம் பேர்லதான் தப்பு. ஒரே ஒரு பௌலரை நம்பி மேட்ச் ஃபிக்ஸ் பண்ணுவாங்களா? பேக்கப் வெச்சிருக்கணும்."

இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றியதே இல்லை. அண்ணனுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். கேப்டனாக இருந்தவன் அல்லவா, கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அவளுக்கு யார் கோச்?" என்றான்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறரைக்கு, பல் தேய்க்காமல் பேத்தி என் கட்டிலில் வந்து விழுந்தாள்.

"அம்மாச்சி, தலை வலிக்குது."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. முகத்தைப் பார்த்தேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். பயிற்சி போதாது, ஆனால் ஆரம்பம் மோசமில்லை. அவள் அம்மா ஏழு மணிக்கே கம்பெனி வண்டியில் கிளம்பிவிடுவாள்; போகும்போது எட்டிப் பார்த்து, "லீவு போடணும்னா ஆப்ல போட்டுடும்மா, எட்டு மணிக்குள்ள" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

எங்கள் காலத்தில் அப்பா வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதித் தருவார். அப்பாவின் கையெழுத்தை அண்ணன் அவரைவிட நன்றாகப் போடுவான். இப்போது ஆப்பைத் திறந்து, ஓ.டி.பி. வாங்கி, பிள்ளையின் பேரைத் தொட்டு, விடுப்புக் காரணம் என்ற இடத்துக்கு வந்தால் ஒரு பட்டியல் விழுகிறது. காய்ச்சல், மருத்துவச் சான்று இணைக்கவும். குடும்ப விசேஷம், அழைப்பிதழ் இணைக்கவும். வெளியூர்ப் பயணம், முன் அனுமதி எண்ணைக் குறிப்பிடவும். தலைவலிக்கு இடமே இல்லை. கடைசியில் ‘மற்றவை’ என்று ஒன்று இருந்தது. அதைத் தொட்டேன். ஒரு கட்டம் திறந்து, விவரமாக எழுதவும், குறைந்தது 50 எழுத்துகள் என்றது.

"எழுதிட்டியா அம்மாச்சி?" என்று போர்வைக்குள்ளிருந்து குரல்.

"இரு, இன்னும் முப்பத்தெட்டு எழுத்து பாக்கி."